தூறினால் தரங்கம்பாடி

ஊர் உலகத்தில் சுற்றுலா கிளம்புகிறவர்கள் மழை வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வார்கள். அனுராதா மழை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அதிலும் ஒரு அளவு வைத்து வேண்டிக்கொண்டாள்.

"தூறல் போதும் தாயே. நாள் பூரா தூறணும். கொட்டிடக் கூடாது. வெயிலும் அடிச்சிடக் கூடாது."

விளக்கேற்றிக்கொண்டே அவள் முணுமுணுத்தது மாமியார் பூவம்மாளின் காதில் விழுந்துவிட்டது.

"கொழம்புக்கு உப்பு போடற மாதிரி மாரியம்மாகிட்டயே அளவு சொல்றியா நீ?"

"அளவு சொன்னது நான் இல்லீங்க அத்தை. மாமா."

அது உண்மைதான். மாமனார் துரைராசு குடவாசலுக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் சம்பா போட்டிருக்கிறவர். 'ஞாயித்துக்கிழமை எல்லாருமா தரங்கம்பாடி போயிட்டு வரலாமா மாமா' என்று மருமகள் கேட்டதும், வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"வெயில் அடிச்சா மேலுரம் போடணும்மா. பயிரு கேக்குது. கொட்டுச்சுன்னா வரப்ப வெட்டித் தண்ணிய வடிய விடணும். தூறிக்கிட்டே இருந்தாத்தான் ஒரு வேலையும் ஓடாது. தூறினா போவலாம்."

சம்பா பயிர் நிற்கிற வீட்டில் லீவு நாள் என்பது காலண்டரில் இல்லை, மேகத்தில்தான் இருக்கிறது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் அனுராதாவுக்கு இது விளங்கவில்லை. தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள், ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்திருந்தாள். இப்போது அவளும் மேகம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் கடலுக்காகக் கேட்கவில்லை.

போன வாரம் கொல்லையில் துணி உலர்த்தப் போனவள், கணவன் ராஜ்குமார் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு ஈரப் புடவையும் கையுமாக நின்றாளே, அன்றிலிருந்தே அவளுக்கு நிம்மதி இல்லை. 'சரிங்க பாய். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுடறேன்' என்று ராஜ்குமார் சொன்னான். அவன் சார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறவன். அங்கே அவனுக்கு மேலே இருக்கிற சூப்பர்வைசர் ஒரு பாய்தான். ஆக, இன்னும் இரண்டு வருஷம். ஒரு மாத லீவு முடிந்துவிட்டது, புதன்கிழமை திருச்சியில் விமானம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

'போகாதீங்க' என்று அவள் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்ல அவனோடு தனியாக அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரம்தான் அந்த வீட்டில் கிடைக்கவே இல்லை.

விடிந்ததும் துரைராசு மகனை வயலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் மகள் வானதி அப்பாவின் தோளை விட்டு இறங்க மாட்டாள். ராத்திரி பேசலாம் என்றால் அவனுக்கு முதுகு வலி. அந்த வலிக்குக் காரணம் துரைராசுவின் மண்வெட்டி.

துரைராசு குள்ளமான மனிதர். அவருடைய மண்வெட்டியின் காம்பும் அவர் உயரத்துக்குத் தோதாகக் குட்டையாக இருக்கும். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள், தொட்டாலும் வேலை ஓடாது. ராஜ்குமாரோ பூவம்மாளின் பிறந்த வீட்டு வாகு, நெடுநெடுவென்று வளர்ந்தவன். அந்த மண்வெட்டியைப் பிடித்து அவன் மடை வெட்டினால் கொக்கு மீன் பிடிக்கிற மாதிரி இருக்கும். ராத்திரி தைலம் தேய்த்துவிடுவது அனுராதாவின் வேலை. பாதி முதுகு தேய்ப்பதற்குள் குறட்டை வந்துவிடும். குறட்டை விடுகிறவனிடம் என்ன கெஞ்சுவது?

கடற்கரை என்றால் அப்படி இல்லை. மனிதர்கள் அங்கே தாமாகவே பிரிந்து ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்கள். இதுதான் அனுராதா போட்ட திட்டம்.

அவள் சாமர்த்தியசாலி. வானதிக்குப் பள்ளிக்கூடத்தில் தரங்கம்பாடிக் கோட்டையைப் படம் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அதை ஒரு காரணமாக்கினாள். பூவம்மாளுக்கு நண்டும் கருவாடும். "காரைக்கால் பக்கத்து நண்டு தின்னு எத்தனை நாளாச்சு," என்று மாமியார் அன்றே நாக்கைச் சப்புக்கொட்டத் தொடங்கிவிட்டாள். சித்தீக்கிடம் வேன் சொல்லியாயிற்று. சித்தீக் ராஜ்குமாரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், குடவாசல் மீரா உசேனின் மகன். மீரா உசேன் கதிர் அறுக்கிற மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர். மகனுக்கு வேன்தான் பிடிக்கும்.

எல்லாம் தயார். மேகம்தான் பாக்கி.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் பல்லை இளித்தது. துரைராசு யூரியா மூட்டைகளை வாசலுக்கே கொண்டுவந்து அடுக்கிவிட்டார்.

"அம்மா, நாளைக்கும் வெயில் அடிக்குமா?" என்று வானதி கேட்டாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு சொல்லுவாங்க. ஒரு தூறல் கூடவா வராது?" என்று சொன்ன அனுராதாவுக்கே தன் பேச்சில் நம்பிக்கை இல்லை.

ஞாயிறு விடிந்தது. வானம் மூடிக்கொண்டு கிடந்தது, ஆனால் ஒரு துளி இல்லை. பூவம்மாள் கையில் கோலப்பொடி டப்பாவோடு, ராஜ்குமார் பல் துலக்கிக்கொண்டே, வானதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடும்பமே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. தெருவில் பால் ஊற்றப் போன தங்கம்மாள், "என்ன, ஏரோப்ளேன் போவுதா?" என்று கேட்டு, அவளும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் துளி வானதியின் மூக்கில் விழுந்தது.

"தாத்தா! தூறுது!"

சாமி வரம் கொடுத்துவிட்டது, இனி பூசாரி கொடுக்க வேண்டும். துரைராசு உள்ளங்கையை நீட்டினார். கிழக்கே பார்த்தார். வேலியோரம் எறும்பு போகிற திசையைக் கூடப் பார்த்தார். வானதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைவிட அனுராதா.

"உரம் போட முடியாது," என்றார் கடைசியில். "கெளம்புங்க."

அப்புறம் நடந்ததைக் கிளம்பல் என்று சொல்லக் கூடாது, கலவரம் என்றுதான் சொல்ல வேண்டும். புளிசாதம் கிளறியாயிற்று, உருளைக்கிழங்கு வறுத்தாயிற்று, வற்றல் பொரித்தாயிற்று. "கடற்கரையில மழ பெய்யும், பாய் விரிக்க முடியாது. எங்க ஒக்காந்து திங்கறது?" என்று பூவம்மாளுக்குக் கவலை. "வேனுக்குள்ளதான் அத்தை." "கைய எங்க கழுவறது?" "கைய வெளிய நீட்டினா போதும், மழை கழுவிடும்." அந்த பதிலில் பூவம்மாள் அசந்துபோய்விட்டாள்.

அனுராதா கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தேநீர் போட்டு பிளாஸ்க்கில் ஊற்றினாள். இந்தத் தடவை ராஜ்குமார் கொண்டுவந்த மின்சாரக் கெட்டில் அது. அடிப்பக்கம் கறுத்து, மூடியில் ஒரு கீறலோடு இருந்தது. புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கக் கூடாதா என்று முதல் நாள் நினைத்தாள். அப்புறம் வேலைக்குத் தோதாக இருந்ததால் மறந்துபோனாள்.

துரைராசு அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா ஒழச்ச கெட்டிலும்மா இது," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வேனில் ஏறும்போது அவர் தோளில் மண்வெட்டி, கக்கத்தில் ஒரு காலி யூரியா சாக்கு.

பூவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கடலப் பாக்கப் போறப்ப எதுக்குங்க இது? கல்யாண வீட்டுக்கும் இதத் தூக்கிக்கிட்டுத்தான் வருவீங்களா?"

"மழ நாள்ல வெறுங்கையோட எப்படிடி போறது? திரும்பறப்ப பெருமழை புடிச்சுதுன்னா நேரா வயலுக்குப் போயிடலாம் பாரு."

சித்தீக் வாயைத் திறக்காமல் மண்வெட்டியை வாங்கிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினான். வழக்கமாக ஓயாமல் பேசுகிறவன் அன்று கண்ணாடியில் ராஜ்குமாரைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தான். உடம்பு சரியில்லையோ என்று அனுராதா நினைத்துக்கொண்டாள்.

நன்னிலம், பேரளம், பொறையார். வழி நெடுக இரண்டு பக்கமும் பச்சை. வேனுக்குள் வானதியின் பாட்டு, வேனுக்கு வெளியே துரைராசுவின் வசவு. யார் வயல் என்றே தெரியாத வயல்களுக்கெல்லாம் அவர் தீர்ப்பு சொல்லிக்கொண்டு வந்தார். "எவன்டா இவன், மடையத் தொறக்காம கெடக்கான்!" "இந்தா, இவன் மனுசன். வரப்பப் பாரு, கோடு போட்ட மாதிரி!"

தரங்கம்பாடி வந்தபோது தூறல் சொல்லிவைத்த மாதிரி தூறிக்கொண்டே இருந்தது.

கடல் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. மழைக்குப் பயந்து கூட்டம் இல்லை. கோட்டை முழுவதும் தங்களுக்கே என்று வானதி ஓடினாள். அனுராதாவின் திட்டப்படி இந்நேரம் எல்லோரும் பிரிந்திருக்க வேண்டும். ஆனால் மழை என்றால் மனிதர்கள் ஒன்றாக ஒதுங்குவார்கள் என்பதை அவள் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். கோட்டைக்குள் ஐந்து பேரும் ஒரே வளைவுக்கு அடியில் நின்றார்கள். வானதி படம் வரைய, அவளுக்கு ராஜ்குமார் குடை பிடிக்க, பூவம்மாள் பீரங்கியைத் தட்டிப் பார்த்து "நல்ல இரும்பு" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குள் ஆறு பேர். புளிசாதம் அமிர்தமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். யார் முதலில் வேனை விட்டு இறங்குவார்கள் என்று அனுராதா மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு குட்டை.

கோட்டைக்கு வெளியே, மணல் மேட்டுக்கும் சாலைக்கும் நடுவில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு தேங்கி நின்றது. கடலுக்குப் போக வேண்டும் என்றால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். துரைராசு சாப்பிட்ட கையை மழையில் நீட்டிக் கழுவிக்கொண்டே அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அங்கிருந்து கடலைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"ஏம்மா வானதி, இது ஏன் இப்படித் தேங்கிக் கெடக்குது? கடலு பக்கத்துலதானே இருக்கு?"

தேங்கி நிற்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகாது. யூரியா சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்து, மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டார். பின்சீட்டுக்கு அடியிலிருந்து மண்வெட்டி வெளியே வந்தது. வானதி கத்திக்கொண்டே தாத்தாவின் பின்னால் ஓடினாள். பூவம்மாளுக்கும் கால் நிற்கவில்லை. "விழுந்து தொலைச்சுடாதீங்க," என்று ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள். சித்தீக் வேனைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

கோட்டை மதிலோரம் ஒரே ஒரு குடை. குடைக்குக் கீழே ராஜ்குமாரும் அனுராதாவும்.

"என்னங்க."

"ம்."

பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வானதி வளர்ந்துவிட்டாள் என்று ஆரம்பித்து, மாமாவுக்குத் தள்ளாமை வந்துவிட்டது என்று போய், சார்ஜா பணத்தில் மாடி கட்டாவிட்டால் குடி முழுகிவிடாது என்று முடிக்க வேண்டும். கடற்காற்று வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"போவாதீங்க," என்றாள்.

"எங்க?"

"எங்கயா? சார்ஜாவுக்குத்தான். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடறேன்னு நீங்க போன்ல சொன்னத நான் கேட்டேன். போட்டிருந்தாலும் பரவால்ல, வேணாம்னு சொல்லிடுங்க. இருக்கறத வெச்சு இருந்துக்கலாம். கல்யாணம் ஆனதுலேருந்து உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்கறேன்."

அவள் குரல் உடைந்துவிட்டது. ராஜ்குமார் தோளில் மாட்டியிருந்த பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"இந்த டீ எதுல போட்டே?"

"கெட்டில்லதான். பேச்ச மாத்தாதீங்க."

"அந்தக் கெட்டில் இத்தனை வருஷமா என் ரூம்ல, கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தது அனு. லீவுல வர்றவன் எவனாவது ரூம்ல பொழங்கற கெட்டிலத் தூக்கிக்கிட்டு வருவானா?"

அனுராதாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த தேநீர் பாதி கீழே கொட்டியது.

"வேலைய விட்டுட்டேன். எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். புதன்கிழமை ஃப்ளைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் வேலையை விட்டதை ஒரு கெட்டிலுக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறார். அதில் தினமும் இவளே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்திருக்கிறாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நான் அலைஞ்சேன். சாமிக்கு நேந்துக்கிட்டேன். மழையக் கூட அளந்து கேட்டேன். நீங்க குறட்டை விட்டீங்களே!" என்று அவன் தோளில் நாலு குத்து விட்டாள். குடை காற்றில் மடங்கி, பிடியை விட்டுப் பறந்தது. இரண்டு பேரும் மழையில் நின்றார்கள். அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. கல்யாணத்தன்று கூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"அப்ப அந்தக் கையெழுத்து?"

"அது நம்ம மீரா உசேன் பாய்கிட்ட. அவரோட அறுப்பு மெஷின ரெண்டு வருஷத்துக்கு நான் எடுத்து ஓட்டறேன். கிரேன் ஓட்டினவனுக்கு அது ஒரு வித்தையா?"

அனுராதா வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சித்தீக் சட்டென்று டயருக்குப் பின்னால் குனிந்துகொண்டான். காலையிலிருந்து அவனுக்கு என்ன வியாதி என்று இப்போது தெரிந்துவிட்டது.

"ஏன் விட்டீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னது உம் பொண்ணுதான். அவ பொறந்த நாளைக்கு வீடியோவுல வந்தேன்ல. கூட இருந்த புள்ள ஒண்ணு, 'இது யாருடி'ன்னு கேட்டுச்சு. இவ, 'எங்க சார்ஜா அப்பா'ங்கறா. திருச்சி மாமா, பெரம்பூர் அத்தைங்கற மாதிரி. ஊரு பேரு வெச்சுக் கூப்பிட ஒரு புள்ளைக்கு எத்தனை அப்பன் இருக்கான் அனு? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

அனுராதா ஈரக் கையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவன் முகமும் ஈரமாகத்தான் இருந்தது, மழையால் மட்டும் இல்லை.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குச் சந்தோஷம்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு..."

அவன் முடிக்கவில்லை. குட்டைப் பக்கமிருந்து துரைராசுவின் குரல் காற்றில் வந்தது. அங்கே அதற்குள் ஒரு திருவிழாவே கூடியிருந்தது. வாய்க்கால் பாதி தூரம் போயிருந்தது. வானதியோடு இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து மணலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். காரில் வந்த ஒரு சென்னைக்காரர் குடையோடு இறங்கி வந்து, "ஐயா, பஞ்சாயத்து ஆளுங்களா? அப்படியே எங்க கார் பக்கமும் கொஞ்சம் வெட்டி விடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

பூவம்மாளுக்கு வந்ததே கோபம். "பஞ்சாயத்து ஆளா? அஞ்சு ஏக்கர் சம்பா நிக்குது சார் எங்களுக்கு! சும்மா ஆசைக்கு வெட்டறாரு!"

"இருக்கட்டும்டி. தண்ணிக்கு என்ன, கார்க்காரன் தண்ணி, நம்ம தண்ணின்னு இருக்கா?" என்று துரைராசு அந்தப் பக்கமும் இரண்டு வெட்டு வெட்டினார். வெட்டிக்கொண்டே, "என் மவன் சார்ஜாவுல கிரேன் ஓட்டறான் சார். வானத்த முட்டற கட்டடம். அவன் கை வெச்சாத்தான் தூக்கும்," என்றார்.

ராஜ்குமாரின் முகம் சுருங்கிவிட்டது.

"பாத்தியா? ஊர்ல ஒரு ஆள் பாக்கியில்லாம இதத்தான் சொல்லி வெச்சிருக்காரு. அந்த மனுசன்கிட்ட போய், நான் விட்டுட்டேம்ப்பான்னு எந்த வாயால சொல்றது?"

"சொல்லாம புதன்கிழமை எங்க கெளம்புவீங்க? சித்தீக் வேன்ல ஏறி ஊரச் சுத்திட்டு வரப்போறீங்களா?"

"அப்படித்தான் யோசிச்சு வெச்சிருந்தேன்," என்றான் அவன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதே நேரம் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கடைசி மணல் வரப்பை வெட்டிவிட்டிருந்தார் துரைராசு. தேங்கி நின்ற தண்ணீர் ஒரு நொடி தயங்கி, அப்புறம் சலசலவென்று ஓடிக் கடலில் விழுந்தது. பிள்ளைகள் குதித்தார்கள், சென்னைக்காரர் கை தட்டினார். துரைராசு மண்வெட்டியை மணலில் குத்திவைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, தண்ணீர் போவதையே பார்த்தார். ராஜ்குமாரும் அனுராதாவும் ஓடி வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து தண்ணிய வடிய விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார். "அது எங்க போய்ச் சேருதுன்னு ஒரு நாளும் வந்து பாத்ததில்ல. நல்ல எடத்துக்குத்தான் போவுது."

அதற்கப்புறம் எல்லோரும் அலையில் நனைந்தார்கள். ஏற்கெனவே நனைந்தவர்கள் நனைய என்ன பயம்? பூவம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் வரை போய் நின்று, ஒவ்வொரு அலைக்கும் "அடியாத்தீ!" என்றாள். வானதி அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். 'நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளடி கண்ணே' என்று அனுராதா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரும்புகிற வழியில் கருவாட்டுக் கடையில் வேனை நிறுத்தச் சொன்னாள் பூவம்மாள். நெத்திலியை முகர்ந்து பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள். "டேய், சார்ஜாவுக்குக் கட்டித் தரேன், கொண்டு போ."

"வேணாம்மா. ஏர்போர்ட்ல வாசனை வரும்," என்று ராஜ்குமார் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"போன தடவ மட்டும் வரலியா?"

வேனுக்குள்ளிருந்து துரைராசு எட்டிப் பார்த்தார். "அத ஏன் அங்க அனுப்பற? வீட்டுக்கு வாங்கு. நெறைய வாங்கு. திங்க ஆளு இருக்கு."

அனுராதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கடல் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரளம் தாண்டியதும் தூறல் தன் பொறுமையை இழந்தது. கொட்டத் தொடங்கியது. சித்தீக்குக் கண்ணாடி வழியே சாலை தெரியவில்லை. வயல்களில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. துரைராசு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது வடிகால் மழ. போன ஒடனே கீழ வயலு வரப்ப வெட்டணும். அந்த மண்வெட்டிய எடுங்க."

ராஜ்குமார் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டான். இந்தப் பக்கம் தேடினான், அந்தப் பக்கம் தேடினான். கருவாட்டுப் பொட்டலம் இருந்தது, நண்டு வாளி இருந்தது, மடங்கிப்போன குடை இருந்தது.

"தாத்தா," என்றாள் வானதி மெதுவாக. "நீங்க அத மணல்லயே குத்தி வெச்சுட்டு வந்துட்டீங்க."

வேனுக்குள் எல்லோரும் துரைராசுவைத் திரும்பிப் பார்த்தார்கள். பொண்டாட்டியைக் கூடக் கோயிலில் விட்டுவிட்டு வந்த மனிதர், மண்வெட்டியை ஒரு நாளும் எங்கும் விட்டதில்லை. பூவம்மாளே அதைப் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

துரைராசு குனிந்து தானும் ஒரு தடவை தேடிப் பார்த்தார். அப்புறம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"கெடக்கட்டும் போ. கடலுக்கே மடை வெட்டின மண்வெட்டி. அங்கயே இருக்கட்டும்."

"சிரிக்கிறீங்களே, இப்ப வரப்ப எதால வெட்டுவீங்க? என் அகப்பையாலயா?" என்றாள் பூவம்மாள்.

"மோட்டார் கொட்டாய்ல ஒண்ணு இருக்கு. புதுசு. போன வாரம்தான் குடவாசல்ல காம்பு போட்டு வாங்கியாந்தேன்."

"நல்லவேளை மாமா," என்றாள் அனுராதா.

"எனக்கு அது உதவாதும்மா. காம்பு நீளம்."

"நீளமா இருந்தா வெட்டிச் சின்னதாக்கி வாங்கியிருக்க வேண்டியதுதானே?" என்று பூவம்மாள் விடவில்லை.

துரைராசு ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தார்.

"நீளமா வேணும்னு சொல்லித்தான் போட்டேன். எத்தனை நாளைக்குத்தான் அவன் என் மண்வெட்டியப் புடிச்சிக்கிட்டு முதுவ ஒடிச்சுக்குவான்?"

ராஜ்குமார் இருட்டிக்கொண்டு வந்த வேனுக்குள் அனுராதாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். சித்தீக் கண்ணாடியில் அவசரமாகத் தலையை ஆட்டினான், 'நான் சொல்லலை' என்று.

பூவம்மாள் புரியாமல் கணவரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க? அவன்தான் புதன்கிழமை கெளம்பறானே?"

"அவ்வளவு ஒழச்ச கெட்டிலத் தூக்கியாந்தவன் எங்கடி கெளம்பப்போறான்?" என்றார் துரைராசு. ஈரம் சொட்டிக்கொண்டிருந்த யூரியா சாக்கை உதறி, ஒரு மூலையை உள்ளே மடித்து, மகனின் மடியில் வைத்தார்.

"தம்பி சித்தீக்கு," என்றார். "வீட்டுக்குப் போவாத. வண்டிய நேரா மோட்டார் கொட்டாய்க்கு விடு."